உலக நெருக்கடிகளை முதுநிலையில் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வதேச உறவுகள் படித்தவன் என்று தெரிந்தால் போதும், இரண்டு கேள்விகள் வந்துவிடும். முதலாவது, மூன்றாம் உலகப் போர் வருமா? அதற்கு என்னிடம் பதில் கிடையாது. இரண்டாவது, இந்த முதுநிலைப் படிப்பில் சேரலாமா, சேர்ந்தால் என்ன செய்யச் சொல்வார்கள், முடித்தால் வேலை உண்டா? இதற்குக் கொஞ்சம் சொல்ல முடியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதிக் களைத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

தினமும் செய்தி படிக்கிறேன். அதையே பட்டமாகப் படிப்பதா?

இல்லை. எனக்கும் முதலில் அந்த நினைப்புதான் இருந்தது. முதல் செமஸ்டரில் ஒரு போரைப் பற்றி இருபது பக்கம் எழுதிக் கொடுத்தேன். யார் எங்கே குண்டு போட்டார்கள், யார் கண்டித்தார்கள், எத்தனை சுற்றுப் பேச்சு நடந்தது, எல்லாம் தேதிவாரியாக இருந்தது. திருத்தி வந்த தாளின் கடைசியில் ஒரே வரி: “நல்ல செய்தித் தொகுப்பு. கேள்வி எங்கே?”

செய்தி இன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லும். இந்தப் படிப்பு, அது எப்போது தொடங்கியது என்று கேட்கும். உக்ரைன் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரி 24 என்று ஆரம்பிப்பவர் ரஷ்யப் படையெடுப்பிலிருந்து கதை சொல்கிறார். 2014 என்பவருக்குக் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டதுதான் முதல் அத்தியாயம். 2008 என்பவர், உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினர்களாகும் என்று நேட்டோ ராணுவக் கூட்டணியின் தலைவர்கள் புகாரெஸ்டில் அறிவித்ததைக் காட்டுவார். 1994 என்பவரோ, தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை உக்ரைன் விட்டுக்கொடுத்தபோது அதன் எல்லைகளை மதிப்போம் என்று ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட புடாபெஸ்ட் உடன்பாட்டை எடுத்து நீட்டுவார்.

நான்கு பேர் சொல்வதும் நடந்ததுதான். ஆனால் தொடக்கத் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போதே குற்றவாளி யார் என்பதும் முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. ஒருவர் ஒரு தேதியைச் சொன்னதும் ‘ஏன் அந்தத் தேதி?’ என்று கேட்கத் தோன்ற வேண்டும், நீங்களே ஒரு தேதியைச் சொல்லும்போதும் தோன்ற வேண்டும். என் கணக்கில் இந்தப் படிப்பில் பாதி இதுதான்.

‘உலக நெருக்கடி’ என்று எதைச் சொல்கிறார்கள்? போர் மட்டுமா?

பனிப்போர்க் காலத்தில் வரையறை இறுக்கமாக இருந்தது. ஒரு நாட்டின் அடிப்படை நலனுக்கு ஆபத்து இருக்க வேண்டும், முடிவெடுக்க நேரம் குறைவாக இருக்க வேண்டும், எதிர்பாராமல் வந்திருக்க வேண்டும். 1962-ன் கியூபா ஏவுகணை நெருக்கடி இந்த அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பருவநிலை மாற்றம் பொருந்தாது. அதில் ஆபத்து உண்டு, எதிர்பாராதது என்று சொல்ல முடியாது, நேரமோ பல பத்தாண்டுகளாக நீள்கிறது. இன்றைய பாடத்திட்டங்களில் போரோடு அகதிகள், பஞ்சம், கடன், தொற்றுநோய், பருவநிலை எல்லாம் வருகின்றன. வரையறை நெகிழ்ந்துவிட்டது என்று குறைப்படும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் தனித்தனிப் பெட்டிகளில் போட்டுப் படித்தால் பல விஷயங்கள் புரியாது. லெபனான் 2020 மார்ச்சில் வெளிநாட்டுக் கடன்பத்திரத் தவணையைக் கட்ட முடியாமல் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகம் வெடித்தபோது, நாட்டின் முக்கியத் தானியக் கிடங்கும் சிதைந்தது. 2022-ல் உக்ரைன் போர் வந்தது. லெபனான் இறக்குமதி செய்த கோதுமையில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்தது. வாங்க டாலர் இல்லை, சேர்த்துவைக்கக் கிடங்கு இல்லை, விற்பவன் வீட்டில் போர். இதை நிதி நெருக்கடி என்பீர்களா, உணவு நெருக்கடி என்பீர்களா, போரின் விளைவு என்பீர்களா? இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் ‘பன்முக நெருக்கடி’ என்கிறார்கள். சொல் கொஞ்சம் ஃபேஷனாகிவிட்டது, பொருள் ஃபேஷன் இல்லை.

ஒரு நெருக்கடியை நெருக்கடி என்று யார் அறிவிக்கிறார்கள்?

நல்ல கேள்வி. இதைக் குறைவாகத்தான் கேட்கிறார்கள், ஆனால் பாதி செமினார்கள் இதைச் சுற்றித்தான் நடக்கும்.

தொற்றுநோய்க்கு உலக சுகாதார நிறுவனம். கோவிட் விஷயத்தில் 2020 ஜனவரி 30 அன்றே அது சர்வதேச அக்கறைக்குரிய பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தது. சட்டப்படி அதற்கு இருந்த மிக உயர்ந்த எச்சரிக்கை மணி அதுதான். உலகம் திரும்பிப் பார்த்ததென்னவோ ‘பெருந்தொற்று’ என்ற சொல் மார்ச் 11-ஆம் தேதி வந்த பிறகு. அந்தச் சொல்லுக்கு அப்போது சட்ட மதிப்பு எதுவும் கிடையாது.

பஞ்சத்துக்கு ஐந்து படிநிலைகள் கொண்ட ஒரு சர்வதேச அளவுகோல் இருக்கிறது. ஐந்தாம் நிலையில், ஒரு பகுதியைப் பஞ்சப் பகுதி என்று வகைப்படுத்த மூன்று கோடுகளைத் தாண்ட வேண்டும். ஐந்தில் ஒரு குடும்பத்துக்காவது உணவு ஏறக்குறைய அறவே இல்லாமல் போயிருக்க வேண்டும், 30 சதவீதக் குழந்தைகளுக்குக் கடும் ஊட்டச்சத்துக் குறைவு இருக்க வேண்டும், நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரில் இருவர் பட்டினியாலும் அதோடு சேர்ந்த நோயாலும் இறந்திருக்க வேண்டும். அதாவது அறிவிப்பு வரும்போது சாவு தொடங்கி வெகுநாளாகியிருக்கும். சோமாலியாவில் 2011 ஜூலையில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது பிற்பாடு வந்த மதிப்பீடு. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த அறிவிப்புக்கு முன்பே போய்விட்டார்கள்.

அளவுகோல் தவறு என்று நான் சொல்லவில்லை. கோடு இல்லாவிட்டால் ஒவ்வொரு அரசும் தனக்கு வசதியான சொல்லைப் பயன்படுத்தும். ஆனால் அறிவித்த தேதியைத் தொடங்கிய தேதி என்று எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

கோட்பாடு அவசியமா? நேராக நெருக்கடிகளைப் படிக்க முடியாதா?

எல்லோரும் இதைத்தான் ஒரு பெருமூச்சோடு கேட்கிறார்கள். முதல் செமஸ்டரில் யதார்த்தவாதம், தாராளவாதம், கட்டமைவுவாதம், பெண்ணியம், பின்காலனியம் என்று வரிசையாக வரும். பல துறைகளில் இதை மதங்களைப் போலக் கற்றுக்கொடுக்கிறார்கள், ஏதோ ஒன்றில் சேர்ந்தாக வேண்டும் என்பது மாதிரி. அப்படிப் படித்தால் சலிப்புதான் மிஞ்சும்.

கோட்பாடு என்பது எங்கே தேடுவது என்று சொல்லும் கருவி. அமெரிக்க அரசியல் அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1959-ல் போரின் காரணங்களை மூன்று தளங்களில் பிரித்தார்: மனிதர்கள், அவர்கள் வாழும் அரசு, அரசுகளுக்கு மேலே அதிகாரம் எதுவும் இல்லாத உலக அமைப்பு. ஒரு போர் மூண்டதற்கு ஒரு தலைவரின் குணம்தான் காரணம் என்று நீங்கள் சொன்னால், அவர் போனால் போரும் போய்விடும் என்றும் சொல்கிறீர்கள். அமைப்புதான் காரணம் என்றால் யார் வந்தாலும் அதே கதைதான். உங்கள் தீர்வு எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதைக் காரணம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

நாடுகள் ஒன்றையொன்று எப்படிப் பார்க்கின்றன என்பதே முக்கியம் என்னும் கட்டமைவுவாதத்துக்கு, அரசியல் அறிஞர் அலெக்சாண்டர் வென்ட் 1995-ல் கொடுத்த உதாரணம் ஒன்று போதும். பிரிட்டனிடம் 500 அணு ஆயுதங்கள் இருந்தாலும் அவை அமெரிக்காவை அச்சுறுத்துவதில்லை. வடகொரியாவிடம் ஐந்து இருந்தாலே அச்சுறுத்தல். எண்ணிக்கை மட்டும் பேசுவதில்லை, உறவும் பேசுகிறது.

அப்புறம், இந்தத் துறைக்கே ஒரு பிறந்த தேதி சொல்வார்கள்: 1919, வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் சர்வதேச அரசியலுக்கென உலகின் முதல் பேராசிரியர் இருக்கை. முதல் உலகப் போர் மாதிரி இன்னொன்று வரக்கூடாது என்ற எண்ணத்தில் தொடங்கியது. அப்போது ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பகுதி யாரோ ஒருவரின் காலனி. 1945-ல் ஐ.நா. தொடங்கியபோது 51 உறுப்பினர்கள், இன்று 193. இன்றைய உறுப்பு நாடுகளில் பெரும்பாலானவை அந்த மேஜையில் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட அடிப்படைக் கருத்துகளைத்தான் முதல் மாதத்தில் படிக்கிறோம். பின்காலனியச் சிந்தனையாளர்கள் இங்கேதான் கைவைக்கிறார்கள். 1648 வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையில் இறையாண்மை பிறந்தது என்று பாடநூல் சொன்னால், யாருடைய இறையாண்மை என்பது அவர்கள் கேள்வி. தேதி மறுபடியும் வந்துவிட்டது, பாருங்கள்.

எல்லா இடத்திலும் கியூபா ஏவுகணை நெருக்கடியை ஏன் இவ்வளவு படிக்கிறார்கள்? பழைய கதைதானே?

பழையது என்பதுதான் அதன் மதிப்பு. ஆவணங்கள் திறந்துவிட்டன.

சுருக்கமாக நடந்தது இது. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைத் தளங்கள் கட்டப்படுவதை அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் படம் பிடித்தது. 16-ஆம் தேதி அது அதிபர் கென்னடிக்குத் தெரிந்தது. கடலில் முற்றுகை போட்டார்கள். 28-ஆம் தேதி ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாகச் சோவியத் தலைவர் குருஷ்சேவ் அறிவித்தார். பதின்மூன்று நாட்கள்.

இதில் ஒரு சின்னப் புதிர். ரகசியமாக ஏவுகணை வைப்பவர்கள் தளங்களை ஏன் மறைக்கவில்லை? சோவியத் தலைமை வேண்டுமென்றே காட்டியது என்று ஒரு பெரிய வியூகத்தைக் கற்பனை செய்யலாம். அமெரிக்க அரசியல் அறிஞர் கிரஹாம் ஆலிசன் 1971-ல் வேறு விதமாக யோசித்தார். தளம் கட்டும் படைப்பிரிவு சொந்த நாட்டில் எப்படிக் கட்டுமோ அதே வழக்கமான வடிவத்தில் இங்கேயும் கட்டியது. அங்கே மறைக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. அந்த வடிவம் பழகிப்போனதால்தான் படத்தைப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள் உடனே அடையாளம் கண்டார்கள். ‘சோவியத் ஒன்றியம் முடிவு செய்தது’ என்று எழுதும்போது யார் முடிவு செய்தார்கள் என்று கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த ஒரு உதாரணம்தான். அரசு என்பது ஒரு ஆள் இல்லை. அது பல அலுவலகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம்.

இன்னொன்று இதைவிட முக்கியம். கென்னடி உறுதியாக நின்றார், எதிரி பணிந்தான் என்பதே வெகுகாலம் பொதுவில் இருந்த பாடம். துருக்கியில் இருந்த அமெரிக்காவின் ஜூப்பிட்டர் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக ரகசியமாக வாக்குக் கொடுத்தது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் முழுதாக உறுதியானது. அதேபோல 27-ஆம் தேதி, அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கைக் குண்டுகள் போட்டுக்கொண்டிருந்தபோது, பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியில் அணு டார்ப்பிடோ இருந்தது. அதைப் பயன்படுத்தும் பேச்சு எழுந்தபோது வாசிலி ஆர்க்கிப்போவ் என்ற அதிகாரி சம்மதிக்கவில்லை என்ற விவரமும் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரியவந்தது. இடையில் இருந்த தலைமுறை முழுவதும் அரைகுறை ஆவணத்திலிருந்து எடுத்த பாடத்தை வைத்து அடுத்த நெருக்கடிகளைக் கையாண்டது.

இன்று நடக்கும் போரைப் பற்றி யாராவது முழு நிச்சயத்தோடு பேசும்போது எனக்கு அந்த நீர்மூழ்கிதான் ஞாபகம் வரும்.

எத்தனை வருடம்? எம்.ஏ.வா, எம்.எஸ்ஸி.யா?

பிரிட்டனில் பொதுவாக ஒரு வருடம், 180 கிரெடிட். ஐரோப்பாவில் பல இடங்களில் இரண்டு வருடம், 120 ஐரோப்பிய கிரெடிட் (இரண்டும் வேறு வேறு அளவுகள்). அமெரிக்காவிலும் பெரும்பாலும் இரண்டு வருடம். ஒரு வருடப் படிப்பில் செலவு குறையும், மூச்சுவிட நேரமும் குறையும். சேர்ந்து மூன்றாம் மாதமே ஆய்வேட்டுத் தலைப்பு கேட்பார்கள்.

எம்.ஏ., எம்.எஸ்ஸி. என்ற எழுத்துகளில் அதிகம் இல்லை. சர்வதேச உறவுகள், சர்வதேச விவகாரங்கள், பாதுகாப்பு ஆய்வுகள், மனிதாபிமானச் செயல்பாடு என்று பெயர்கள் பல இருக்கும், உள்ளே போனால் பாதிப் பாடம் ஒன்றாக இருக்கும். பெயரை விடுங்கள். கட்டாயப் பாடங்கள் என்ன, ஆய்வு முறைக்குத் தனித் தாள் இருக்கிறதா, இணையதளத்தில் படம் போட்டிருக்கும் பெரிய பேராசிரியர் உண்மையிலேயே வகுப்பு எடுக்கிறாரா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் புரிந்துகொள்ளலாம்.

நான் இன்ஜினியரிங் படித்தவன். சேர்த்துக்கொள்வார்களா?

பல இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள். பொறியாளர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், இலக்கியம் படித்தவர்கள் எல்லோரும் வருகிறார்கள். முதல் இரண்டு மாதம் வரலாற்றில் தடுமாறுவீர்கள், அவ்வளவுதான். எதிர்ப்பக்கம், அணைகளைப் பற்றியோ மின்கட்டமைப்பைப் பற்றியோ வகுப்பில் பேச்சு வரும்போது உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

கணக்கு, புள்ளியியல் வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். ஆனால் எண்களுக்குப் பயப்படக்கூடாது, நம்பியும் விடக்கூடாது.

உலகில் இப்போது எத்தனை போர்கள் நடக்கின்றன? எளிய கேள்வி மாதிரி இருக்கும். 1963-ல் தொடங்கிய ‘கோரிலேட்ஸ் ஆஃப் வார்’ என்ற தரவுத்திட்டம் போர்க்கள மரணம் ஆயிரத்தைத் தொட்டால்தான் போர் என்று எண்ணும். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத்தளம், ஓர் ஆண்டில் 25 போர் மரணம் இருந்தாலே ஆயுத மோதல் என்று சேர்த்துக்கொள்ளும். இரண்டும் நேர்மையான வேலைதான். ஆனால் முதலாவதை வைத்து வரைபடம் போட்டால் ஒரு உலகம் தெரியும், இரண்டாவதை வைத்துப் போட்டால் வேறு உலகம் தெரியும். சில மோதல்கள் எந்த ஆண்டில் தொடங்கின என்பதுகூட மாறிவிடும். உலகம் அமைதியாகி வருகிறது என்றோ மோசமாகிறது என்றோ யாராவது கோடு வரைந்து காட்டினால், அந்தக் கோட்டுக்குள் யாரையெல்லாம் எண்ணாமல் விட்டார்கள் என்று கேளுங்கள்.

எண்கள் பிடிக்காதவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. ஒரே ஒரு நிகழ்வை எடுத்து, காரணத்திலிருந்து விளைவு வரை ஒவ்வொரு கண்ணியாகச் சான்றோடு தொடர்ந்து போவது ஒரு முறை. ஒத்த இரண்டு நாடுகளை ஒப்பிடுவது இன்னொன்று. உரைகளையும் அறிக்கைகளையும் சொல் சொல்லாகப் பிரித்துப் படிப்பது மற்றொன்று. நேர்காணல் எடுப்பதும் உண்டு, ஆனால் பாதிக்கப்பட்டவர்களிடம் பேசுவதாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழு அனுமதி தர வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். கடைசி நிமிடத்தில் ஓடாதீர்கள்.

வாசிப்பு எவ்வளவு இருக்கும்?

நிறைய. எல்லாவற்றையும் வரிக்கு வரி படிக்க முயன்றவர்கள் நவம்பருக்குள் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை, முடிவுரை, பிறகு சான்றுகள் உள்ள நடுப்பகுதி என்ற வரிசையில் படியுங்கள். வாரத்துக்கு ஒன்றை மட்டும் முழுதாக, மெதுவாகப் படியுங்கள்.

இப்போது நடக்கும் போரைப் பற்றியே ஆய்வேடு எழுதலாமா?

எழுதலாம், எழுதுகிறார்கள். நான் பொதுவாக வேண்டாம் என்பேன். எழுதி முடிப்பதற்குள் போர்நிறுத்தம் வரும், உடையும், உங்கள் மூன்றாம் அத்தியாயம் பழசாகிவிடும். ஆவணங்கள் எதுவும் திறந்திருக்காது. கைக்குக் கிடைப்பதெல்லாம் அறிக்கைகளும் எதிர் அறிக்கைகளும்தான்.

பெரிய தலைப்பும் வேண்டாம். ‘மத்திய கிழக்கில் வல்லரசுகளின் பங்கு’ என்று வந்தால் வழிகாட்டி சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிடுவார். பத்தாயிரம் பதினைந்தாயிரம் சொற்களில் ஒரு புதிரைத்தான் அவிழ்க்க முடியும். எப்படிப்பட்ட புதிர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2011 மார்ச் 17 அன்று லிபியாவில் பொதுமக்களைக் காக்க ராணுவ நடவடிக்கைக்கு அனுமதி தரும் 1973-ஆம் எண் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்பு அவையில் நிறைவேறியது. பத்து ஆதரவு, எதிர்ப்பு யாரும் இல்லை. ஐந்து நாடுகள் வாக்களிக்கவில்லை: பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, ஜெர்மனி. பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா சேர்ந்த பிரிக்ஸ் கூட்டமைப்பில் நான்கு நாடுகள் ஒதுங்கி நின்றபோது தென்னாப்பிரிக்கா மட்டும் ஆதரித்தது. அடுத்த மாதமே அது பிரிக்ஸ் உச்சிமாநாட்டில் முதன்முறையாகக் கலந்துகொண்டது. ஆப்பிரிக்க ஒன்றியமோ வெளிநாட்டு ராணுவத் தலையீட்டை ஏற்கவில்லை. அப்படியிருக்க ஏன் அந்த வாக்கு? ஜெர்மனி ஏன் தன் நேட்டோ நண்பர்களை விட்டு விலகி நின்றது? இவற்றில் ஒன்று ஒரு ஆய்வேட்டுக்குத் தாராளமாகப் போதும். கூட்டக் குறிப்புகள் பொதுவில் இருக்கின்றன, வாக்கு விளக்க உரைகள் இருக்கின்றன, பிறகு சில நாடுகள் வருத்தப்பட்ட கதையும் இருக்கிறது.

கொடுமைகளையே படித்துக்கொண்டிருந்தால் மனம் தாங்குமா?

தாங்காத நாட்கள் உண்டு. எனக்கு ருவாண்டா. 1994-ல் சுமார் நூறு நாட்களில் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். எண் ஏற்கெனவே தெரிந்திருந்தது. என்னை உலுக்கியது காகிதங்கள். ஐ.நா. அமைதிப் படைத் தளபதி ரோமியோ டல்லேர் ஜனவரியிலேயே நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்கிறார். கொலைகள் நடந்துகொண்டிருந்த ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு அவை அந்தப் படையை 270 பேராகக் குறைக்க வாக்களித்தது. அமெரிக்க அதிகாரிகள் ‘இனப்படுகொலை’ என்று சொல்வதைத் தவிர்த்தார்கள், ‘இனப்படுகொலைச் செயல்கள்’ என்று இழுத்தார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் இனப்படுகொலையைத் தடுக்கும் 1948 ஒப்பந்தத்தின்படி ஏதாவது செய்தாக வேண்டும் என்ற கேள்வி எழும். அலுவலக மொழியின் அந்த நிதானம்தான் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த வாரம் கூடப் படித்த ஒரு தோழி வகுப்பைவிட்டு எழுந்து போனாள். அவளுடைய குடும்பமே ஒரு போரிலிருந்து தப்பி வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் வகுப்பிலும் ஒருவருக்குப் பாடத்துக்கான உதாரணமாக இருப்பது இன்னொருவருக்கு வீட்டுக் கதையாக இருக்கும். பேசும்போது அதை நினைவில் வையுங்கள். முடியாத அன்று வேறு தலைப்பு கேட்கலாம், யாரும் கோழை என்று சொல்ல மாட்டார்கள்.

வேறு மொழி தெரிய வேண்டுமா?

படிக்க ஆங்கிலம் பல இடங்களில் போதும். ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு: ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ரஷ்யன், சீனம், அரபு. செயலகத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் புழங்கும். எனினும் என் அபிப்பிராயம், நீங்கள் ஆராயும் இடத்தில் கடைத்தெருவில் பேசும் மொழி இந்த ஆறையும்விட உதவும். அந்த ஊர்ப் பத்திரிகையை மூலத்தில் படிக்கத் தெரிந்த ஒரே மாணவராக வகுப்பில் நீங்கள் இருந்தால், மற்றவர்கள் இரண்டாம் கையில் வாங்குவதை நீங்கள் நேராக எடுக்கிறீர்கள்.

உண்மையைச் சொல்லுங்கள், வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பட்டத்தின் பெயரில் இல்லை.

வெளியுறவுத் துறையில் சேர ஒவ்வொரு நாட்டுக்கும் தனித் தேர்வோ தேர்வு முறையோ இருக்கிறது. அதற்கு இந்தப் பட்டம் பொதுவாகக் கட்டாயம் இல்லை. ஐ.நா. செயலகத்தில் இளம் வல்லுநர்களுக்கான தேர்வு ஒன்று உண்டு, 32 வயது வரை உள்ளவர்களுக்கு, அதுவும் அந்தந்த ஆண்டு பங்கேற்கும் நாடுகளின் குடிமக்களுக்கு மட்டும். ஐ.நா. செயலக இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ சொந்தப் பணத்தில் சில மாதம் வாழ முடிந்தவர்களுக்கே அந்தக் கதவு வசதியாகத் திறக்கிறது. உலக சமத்துவம் பேசும் இடத்தில் இது ஒரு கசப்பான வேடிக்கை.

உதவி நிறுவனங்களின் நிலை 2025-ல் மோசமாகிவிட்டது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு அந்த ஆண்டு ஜூலையில் மூடப்பட்டது. மற்ற சில பணக்கார நாடுகளும் உதவித்தொகையைக் குறைத்தன. ஐ.நா. அகதிகள் முகமையிலும் உலக உணவுத் திட்டத்திலும் ஆட்குறைப்பு நடந்தது. 2024 இறுதியில் போராலும் வன்முறையாலும் வீடிழந்து இடம்பெயர்ந்தவர்கள் 12 கோடியைத் தாண்டியிருந்தார்கள். தேவை ஏறும்போது ஆள் குறைகிறது.

மற்றபடி கூடப் படித்தவர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பொருளாதாரத் தடைகளைச் சரிபார்க்கும் வங்கிப் பிரிவுகள், கப்பல் காப்பீடு, ஆபத்து மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள், பத்திரிகை, ஆய்வு மையங்கள், நாடாளுமன்ற உதவியாளர் வேலை. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே மாட்டிக்கொண்டபோது, உலக வணிகத்தில் சுமார் 12 சதவீதம் போகும் பாதை அடைத்துப்போனது. அடுத்த நாள் என்னாகும் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு அன்று நிறையத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. பட்டத்தோடு இன்னொரு கைத்தொழிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தரவு, சட்டம், பொது சுகாதாரம், நிதி, ஏதோ ஒன்று.

ஸ்காலர்ஷிப்?

பிரிட்டனுக்கு செவனிங், ஐரோப்பாவுக்கு எராஸ்மஸ் முண்டஸ், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட், ஜெர்மனிக்கு டாட் (DAAD). செவனிங்குக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், படித்த பிறகு இரண்டு ஆண்டு சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும். எராஸ்மஸ் முண்டஸில் குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பீர்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்தந்தத் தளத்தில் பாருங்கள்.

நோக்கக் கடிதத்தில் என்ன எழுதுவது?

‘சிறு வயதிலிருந்தே உலக அமைதியில் ஆர்வம்’ என்று தொடங்காதீர்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அதை ஆயிரம் முறை படித்துவிட்டார்கள். உங்களுக்குப் புரியாத ஒன்றை எழுதுங்கள். இந்த நாடு ஏன் இப்படிச் செய்தது, எல்லோரும் சொல்லும் காரணம் எனக்கு ஏன் போதவில்லை, உங்கள் துறையில் இன்னார் எடுக்கும் பாடம் இதற்கு எப்படி உதவும். ஒரு பக்கம் போதும்.

சேர இடம் கிடைத்துவிட்டது. வகுப்பு தொடங்கும் முன் எதைப் படிக்கலாம்?

தடித்த அறிமுக நூல்களை வாங்கிக் குவிக்காதீர்கள். ஐ.நா. சாசனத்தை எடுத்து ஒரே மூச்சில் படியுங்கள். மொத்தம் 111 பிரிவுகள், ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். இரண்டாம் பிரிவின் நான்காம் உட்பிரிவு பலப்பிரயோகத்தைத் தடுக்கிறது. அதே பிரிவின் ஏழாவது உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாதே என்கிறது. 51-ஆம் பிரிவு தற்காப்பை அனுமதிக்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் பின்னால் நீங்கள் படிக்கப்போகும் சண்டைகளில் பெரும்பாலானவை நடக்கும்.

படிக்கும்போது ‘வீட்டோ’ என்ற சொல்லை, அதாவது பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களுக்கு உள்ள தடுக்கும் அதிகாரத்தின் பெயரை, தேடிப் பாருங்கள். கிடைக்காது. 27-ஆம் பிரிவில் நிரந்தர உறுப்பினர்களின் ஒத்த வாக்குகள் வேண்டும் என்று மட்டும் இருக்கும். அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு நிரந்தர உறுப்பினர் வாக்களிக்காமல் இருந்தாலே தீர்மானம் விழுந்துவிட வேண்டும். ஆனால் அவையின் வழக்கத்தில் வாக்களிக்காமல் இருப்பது வீட்டோ ஆகாது. 1971-ல் நமீபியா விஷயத்தில் சர்வதேச நீதிமன்றமும் இந்த வழக்கத்தை ஏற்றது. அப்படியானால் கூட்டத்துக்கே வராமல் இருந்தால்? 1950 ஜூனில் கொரியாவில் போர் வெடித்தபோது, சீனாவின் இடம் பெய்ஜிங்கின் கம்யூனிஸ்ட் அரசுக்கா, தைவானில் இருந்த அரசுக்கா என்ற சண்டையில் சோவியத் பிரதிநிதி ஜனவரியிலிருந்தே கூட்டங்களைப் புறக்கணித்துக்கொண்டிருந்தார். தென்கொரியாவுக்குப் படை உதவி கேட்கும் தீர்மானம் 27-ஆம் தேதி அவர் இல்லாமலே நிறைவேறியது. அவர் ஆகஸ்டில் திரும்பி வந்து உட்கார்ந்தார்.